முன் ஷாஃப்ட் செய்த குற்றம் என்ன?

ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர் புதுக்கோட்டையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "இந்த ஊரு ரோட்டுல உங்களுக்கு எதுக்குண்ணே ஃபோர் வீலு? முன் ஷாஃப்டைக் கழட்டி வீட்ல போட்டுருங்க. லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும், டயரு தேயாது, இந்த உறுமல் சத்தமும் இருக்காது." சொல்லி முடிப்பதற்குள் ஸ்பேனர் கைக்கு வந்திருக்கும். அந்தப் பக்கம் நாலு போல்ட், இந்தப் பக்கம் நாலு போல்ட். டீ வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதைச் சொல்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. பல பேர் இந்த வேலைக்குத் தனியாகக் கூலிகூடக் கேட்பதில்லை. முப்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்த மனிதர் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது மறுத்துப் பேச நாக்கு எழாது. அதனாலேயே இது யோசனை என்ற நிலையைத் தாண்டி, எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்ற மதிப்பைப் பெற்றுவிட்டது. டிராக்டர்க்காரர்களும் இப்போது இதே பாட்டைப் பாடத் தொடங்கியிருக்கிறார்கள். மைலேஜ், டயர், சத்தம் என்று மூன்று வாக்குறுதிகள் இதில் இருக்கின்றன. முதல் இரண்டும் கிடைக்காது. மூன்றாவது கிடைக்கும். அது கிடைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

முதலில் மைலேஜ். நம் பக்கம் ஓடும் பழைய ஜீப்புகள் எல்லாம் வில்லிஸ் பரம்பரை. 1940-களின் கடைசியில் மகிந்திரா அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது, எம்.எம். 540 வரை அடித்தளம் அதே வம்சம்தான். தேவைப்படும்போது மட்டும் லீவரைப் போட்டு முன் சக்கரங்களை இன்ஜினோடு சேர்க்கும் ஏற்பாடு இது. லீவரை டூ வீலில் வைத்து ஓட்டும்போது இன்ஜின் முன் ஷாஃப்டைச் சுற்றுவதில்லை. ஆனாலும் அது சுற்றும். அதைச் சுற்றுவது ரோடு. ரோடு முன் சக்கரத்தை உருட்டுகிறது, சக்கரம் ஆக்சிலைத் திருப்புகிறது, ஆக்சில் கிரவுனை, கிரவுன் பினியனை, பினியன் ஷாஃப்டை. ஷாஃப்டின் மறுமுனை, விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்.

இந்த வரிசையில் ஷாஃப்டை மட்டும் கழற்றினால் எது நிற்கிறது? ஷாஃப்டும், ட்ரான்ஸ்ஃபர் கேஸில் அதைத் தாங்கும் பேரிங்கும் நிற்கும். அவ்வளவுதான். முன் ஹவுசிங்குக்குள் கிரவுனும் பினியனும் கெட்டியான கியர் ஆயிலைக் கடைந்துகொண்டே வரும். ஆக்சில் சுற்றும், வீல் பேரிங் சுற்றும், சீல் உரசும். இழுவை என்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும் பங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஷாஃப்ட் 6 கிலோ, குழாயின் ஆரம் இரண்டரை சென்டிமீட்டர், சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர், கிரவுன்–பினியன் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் அந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்குச் சுமார் 1,800 சுற்று சுற்றும். அந்தச் சுழற்சியில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 70 ஜூல். அதே வேகத்தில் 1,500 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூலுக்கு மேல். மூவாயிரத்தில் ஒரு பங்கு! அதுவும் வேகம் எடுக்கும்போது மட்டும் கொடுக்கும் ஆற்றல்; ஒரே சீராக ஓடும்போது அதுவும் கிடையாது, பேரிங் உராய்வு மட்டும்தான். எடைக் கணக்கு பார்த்தாலும், பின் சீட்டில் கிடக்கும் தண்ணீர்க் கேனை இறக்கி வைத்தால் அதைவிட அதிகம் குறையும். இதில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வரும்?

இதற்குச் சரியான தீர்வை அமெரிக்காவில் ஒருவர் 1948-லேயே கண்டுபிடித்துவிட்டார். போர் முடிந்து பட்டாளத்து ஜீப்புகள் ஊருக்குள் வந்த காலம். முன் ஆக்சில் வீணாகச் சுற்றுகிறதே என்ற அதே கவலை அங்கேயும் இருந்தது. ஆர்தர் வார்ன் என்பவர் சக்கரத்தின் நடுவில் பொருத்தும் லாக்கிங் ஹப்பைச் செய்தார். அதைத் திருப்பிவிட்டால் சக்கரம் ஆக்சிலிலிருந்து விடுபட்டுத் தனியாக உருளும். ஆக்சில், கிரவுன், பினியன், ஷாஃப்ட் நாலும் நின்றுவிடும். வேண்டும்போது திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம். ஷாஃப்டைக் கழற்றினாலே போதும் என்றால் ஸ்பேனர் கையில் வைத்திருந்த அந்த மனிதர் எதற்கு மெனக்கெட்டு ஹப் செய்ய வேண்டும்? சங்கிலியை எந்த இடத்தில் அறுப்பது என்பதுதான் கேள்வி. அவர் சக்கரத்தின் பக்கம் அறுத்தார். நாம் கியர் பாக்ஸ் பக்கம் அறுத்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் சுற்றவிட்டு, மைலேஜ் வந்துவிட்டது என்கிறோம்.

"நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன், கூடிச்சு" என்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஷாஃப்டைக் கழற்றப் பட்டறைக்கு வந்த வண்டிக்கு அன்றைக்கே வேறு என்னவெல்லாம் நடந்தது என்று கேளுங்கள். பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கைத் தளர்த்தியிருப்பார்கள், வீல் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்திருப்பார்கள், ஏர் ஃபில்டரை ஊதியிருப்பார்கள், வெளியே வரும் வழியில் டயருக்குக் காற்றும் பிடித்திருப்பார்கள். அப்புறம் அந்த மனிதர் மைலேஜ் பார்க்கிறோம் என்ற நினைப்போடு ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பார். கூடாமல் என்ன செய்யும்? பாராட்டு மட்டும் ஷாஃப்டைக் கழற்றியவருக்குப் போகிறது. உண்மையாகவே சோதிக்க நினைப்பவர் ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, ஒரே சுமையோடு, திருமயம் வரை போய் வந்து, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் இருக்கும்போதும் இல்லாதபோதும் வேறு எதையும் தொடாமல் மாறி மாறிச் செய்ய வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர் முதலில் டயர் காற்றைத்தான் பார்ப்பார்.

டயர் விஷயத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடும். லீவர் ஃபோர் வீலில் கிடந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் எங்காவது ஓரிடத்தில் டயர் தேய்ந்துதான் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். டூ வீலில் கிடந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அப்புறமும் முன் டயர் தேய்கிறது என்றால் டோ-இன்னையும் கிங் பின்னையும் பாருங்கள். லீவரைத் திரும்ப எடுக்க மறந்த கைக்குத் தண்டனையாக ஷாஃப்டைக் கழற்றுவது என்ன நியாயம்?

இனி சத்தம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கழற்றல் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐம்பதைத் தாண்டினால் தரைப்பலகை அதிர்கிறது, அறுபதில் ஒரு உறுமல், காலை எடுத்தால் 'டக்'கென்று ஓர் அடி. ஷாஃப்டைக் கழற்றினால் எல்லாம் போய்விடுகிறது. "பாத்தீங்களா, சொன்னேன்ல!"

ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்கும். கூட்டல் குறி வடிவ இரும்பு, நாலு முனையிலும் நாலு கப், கப்புக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். இந்தக் கிராஸ் ஜாயிண்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நேராக இருக்கும்வரை ஒழுங்காகச் சுற்றும். சாய்வாக நின்று சுற்றினால், இந்தப் பக்கம் சீராகச் சுற்றும்போது அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தியும் இரண்டு தடவை பிந்தியும் சுற்றும். அதைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில் இன்னொரு கிராஸ். முதல் கிராஸ் முந்தும் நேரத்தில் இரண்டாவது அதே அளவு பிந்தினால் கடைசியில் வெளியே வருவது சீரான சுழற்சி. அப்படி நடக்க வேண்டுமென்றால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நீளம் கூடிக் குறைய இடம் கொடுக்க நடுவில் பல் வெட்டிய சறுக்கு இருக்கிறது அல்லவா, அதைப் பிரித்து மாட்டும்போது தவறான பல்லில் போட்டுவிட்டால் யோக்குகள் கோணிக்கொள்ளும். ஒரு கிராஸின் ஆட்டத்தை இன்னொன்று அடக்குவதற்குப் பதில் இரண்டும் சேர்ந்து ஆடும். இதற்காகவே கம்பெனி ஷாஃப்டில் இரண்டு பக்கமும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். நம் பக்கத்து ஷாஃப்டுகளில் அந்த அம்புக்குறிக்கு மேல் எத்தனை பூச்சுப் பெயின்ட்டும் எத்தனை வருஷத்துச் செம்மண்ணும் ஏறியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.

அடுத்து உயரம். ஜீப் கெத்தாக நிற்க வேண்டும் என்று ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்ப்பார்கள். பாடி உயரும், ஹவுசிங் கீழேயே இருக்கும். ஷாஃப்டின் சாய்வு கூடும், கிராஸின் ஆட்டம் கூடும், ஊசி பேரிங் சீக்கிரம் நசுங்கும். இதையெல்லாம் செய்த பிறகு கிரீஸ் கன் பக்கமே போவதில்லை. காய்ந்த கிராஸ் துருப்பிடித்துச் செம்பொடி கக்குகிறது. இப்போது ஷாஃப்ட் சத்தம் போடுகிறது என்று கழற்றிவிடுகிறோம்.

சில நேரம் சத்தம் ஷாஃப்டுடையதாகவும் இருக்காது. பினியன் பேரிங் போயிருக்கும். ஷாஃப்ட் கோர்த்திருக்கும்போது உறுமலாகக் கேட்டது, கழற்றியதும் அடங்கிவிடும்; பினியன் மட்டும் உள்ளே ஆடிக்கொண்டே கிரவுன் பல்லைத் தின்னும். கழற்றிய கையோடு எல்லோரும் செய்ய வேண்டிய ஒரு காரியம், பினியன் ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது. ஆடினால் நோய் ஷாஃப்டில் இல்லை. ஆனால் சத்தம்தான் நின்றுவிட்டதே, யார் ஆட்டிப் பார்க்கிறார்கள்? பேய் பிடித்த வீட்டைப் பார்த்துக் குரைத்த நாயைக் கொண்டுபோய் அடுத்த ஊரில் விட்டுவிட்டு வந்த மாதிரி நிம்மதியாகத் தூங்குகிறோம்.

கழற்றச் சொல்பவர்கள் ஒருமுறைகூடப் பேசாத விஷயம் ஒன்று உண்டு: லோ கியர். வில்லிஸ் ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் முறுக்கு விசை 2.46 மடங்கு ஆகும். அதைப் போட ஒரு நிபந்தனை வைத்தார்கள். முன் ஆக்சில் சேராமல் லோ விழாது. இது ஏதோ அழகுக்கு வைத்த பூட்டு அல்ல. இரண்டரை மடங்காகப் பெருகிய விசையைப் பின் ஆக்சில் தனியாகத் தாங்காது, இரண்டு ஆக்சிலும் பங்கு போட்டுக்கொண்டால்தான் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்த பூட்டு. முன் ஷாஃப்டைக் கழற்றினால் என்ன நடக்கிறது? லீவர் ஃபோர் வீலில் விழும், லோவும் விழும், பூட்டு திருப்தியாகிவிடும். அதற்கு ஷாஃப்ட் இல்லை என்பது தெரியாது. முழு விசையும் பின்னால் மட்டும் போகும். இலுப்பூர்ப் பக்கம் கல் குவாரிச் சரிவில் சுமையோடு லோ போட்டு ஏறும் வண்டிக்குப் பின் ஆக்சில் முறிவது இப்படித்தான். முறிந்ததும், "பழைய வண்டிண்ணே, ஆக்சில் தேஞ்சு போச்சு" என்று ஒரு விளக்கம் வரும். நாம் பூட்டை ஏமாற்றியதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

இதுவரை சொன்னது லீவர் போடும் வண்டிகளுக்கு. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு இந்த யோசனையைக் கொண்டுபோனால் கதை இன்னும் மோசம். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரும், நம் ஊரில் கட்சிக் கொடியோடு அதிகம் பார்க்கும் ஃபார்ச்சூனரில் 2009-இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஃபோர் வீல் வண்டிகளும் இந்த வகை. அவற்றில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் தனியாக ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் சுழற்சியை ஓடவிடுவது அதன் தொழில். ஒரு ஷாஃப்டைக் கழற்றினால் அந்தப் பக்கம் தடையே கிடையாது. வெறும் முனை காற்றில் சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். நடு டிஃபரன்ஷியலை லாக் போட்டால்தான் நகரும்.

டஸ்டர், எக்ஸ்.யூ.வி. 500 போன்றவற்றின் ஆல் வீல் வகைகள் வேறு ஜாதி. அங்கே முன் சக்கரம்தான் முதலாளி. பின் சக்கரத்துக்குத் தேவைப்படும்போது கம்ப்யூட்டர் ஒரு கிளட்சை அழுத்தி விசை அனுப்பும். பின் ஷாஃப்டைக் கழற்றினாலும் வண்டி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரிடம் யாரும் சொல்லவில்லையே. அது பின்னால் விசை அனுப்பிவிட்டதாக நம்பிக் கணக்குப் போடும். இந்த வண்டிகளில் ஷாஃப்டைப் பழிவாங்கத் தூண்டும் காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் டயரில் முடியும். இரண்டு டயர் புதிது, இரண்டு டயர் மொட்டை என்று ஓட்டுகிறோம். சுற்றளவு வித்தியாசப்படுகிறது, கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகிறது. நாலு டயரையும் ஒன்றாக மாற்றக் கணக்குப் பார்ப்பவர், கிளட்ச் தொகுதியின் விலையை ஷோரூமில் ஒரு தடவை கேட்டுவிட்டு வரட்டும்.

இப்போது டிராக்டர். ஜீப்பாவது ஆசைக்கு வைத்திருப்பது; டிராக்டர் பிழைப்பு. ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் களிமண் வயல்கள். சம்பாவுக்குச் சேறடிக்க இறங்கும் டூ வீல் டிராக்டர் புதைந்து, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்து, அதுவும் புதைந்த கதை அங்கே ஊருக்கு ஊர் உண்டு. அதனால்தான் கூடுதல் விலை கொடுத்து ஃபோர் வீல் டிராக்டர் வாங்குகிறார்கள். சேற்று வேலை சில வாரம். மிச்ச மாதங்களில் அதே டிராக்டர் டிரெய்லரைக் கோர்த்துக்கொண்டு செங்கல், எம்.சாண்ட், கரும்பு என்று தார் ரோட்டில் வாடகைக்கு ஓடுகிறது. அங்கேதான் யோசனை முளைக்கிறது: ரோட்டு வேலைக்கு எதற்கு முன் ஷாஃப்ட்?

டிராக்டரின் முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. ஃபோர் வீலைச் சேர்க்கும்போது முன் சக்கரம் பின்னதைவிடக் கொஞ்சம் முந்தி இழுக்கும்படி விகிதம் வைத்திருப்பார்கள். சாதாரணமாக 1 முதல் 5 சதவீதம். சேற்றில் இந்த முந்தல்தான் டிராக்டரை நேராக இழுத்துக் கொண்டுபோகும். தாரில் அதே முந்தல் முன் டயரின் கட்டையைச் சீவித் தள்ளும். இதற்கு மருந்து ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் லீவராக இருக்கிறது. இன்னொரு வினை, முன் டயர் மாற்றும்போது கடையில் கிடைத்த அளவைப் போட்டுவிடுவது. பொருந்தாத அளவு போட்டால் முந்தல் ஒன்று செத்துப்போகும், அல்லது எல்லை மீறும். மீறினால் கப்ளிங் உடையும். கப்ளிங் உடைந்தால், "இந்தக் கம்பெனி ஷாஃப்டே சரியில்ல, கழட்டிப் போடு."

கழற்றியதன் விலை முதலில் தெரிவது சேற்றில் அல்ல, இறக்கத்தில். டிராக்டரில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். முன் சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. ஆனால் ஃபோர் வீலைச் சேர்த்திருந்தால் முன் ஆக்சில் பின் ஆக்சிலோடு பூட்டிக்கொள்வதால், பிரேக்கை மிதிக்கும்போது ஷாஃப்ட் வழியாக முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். நாலு சக்கரப் பிரேக் ஷாஃப்ட் வழியாகத்தான் வருகிறது. மழை பெய்து வழுக்கும் கண்மாய்க் கரையிலிருந்து சுமை டிரெய்லரோடு இறங்கும் டிராக்டரை நினைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. பின் சக்கரம் பிடித்தும் வழுக்குகிறது. ஸ்டியரிங் திருப்பினால் முன் சக்கரம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் லீவரைத் தேடும் கைக்கு வீட்டுத் திண்ணையில் கிடக்கும் ஷாஃப்ட் எதற்கு உதவும்? ஃபோர் வீலைச் சேர்க்க வேண்டியது இறங்கத் தொடங்கும் முன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பாதி இறக்கத்தில் அல்ல.

டீசல் மிச்சம் என்பார்கள். சக்கரம் வழுக்கினால் அது சுற்றும் தூரத்துக்கும் டிராக்டர் நகரும் தூரத்துக்கும் இடைவெளி விழும். உதாரணத்துக்கு, நூறு மீட்டருக்குச் சுற்றிய சக்கரம் 25 சதவீத வழுக்கலில் 75 மீட்டர்தான் நகரும். 15 சதவீதமாகக் குறைத்தால் 85 மீட்டர் நகரும். அதே சுற்றுக்கு எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வயல். சேற்று மாதத்தில் ஷாஃப்டை மறுபடி மாட்டிக்கொள்வேன் என்பவர்கள் எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். போல்ட் தொலைந்திருக்கும், கவர் நசுங்கியிருக்கும், பல் துருப்பிடித்திருக்கும். முன் ஆக்சிலின் கனம் மட்டும் வருஷம் முழுக்கக் கூடவே வரும். அந்தக் கனம் வேலை செய்வதற்காக வைத்தது; இப்போது சும்மா சவாரி செய்கிறது.

"நம்ம ஜில்லா சமவெளி. இங்க என்ன மலையா ஏறப் போறோம்?" இதுதான் கடைசி அஸ்திரம். மலை இல்லைதான். ஆனால் இழுவைக்கு எதிரி மலை மட்டுமா? வடகிழக்குப் பருவமழையில் அறந்தாங்கிக்குத் தெற்கே களிமண் என்ன செய்யும் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். வெள்ளாற்று மணலில் இறங்கிய டூ வீல் வண்டி ஆக்சில் வரை தோண்டிக்கொண்டு உட்காரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று தென்னையும் பலாவும் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்களுக்குப் பல நாள் கரண்ட் இல்லை. ரோட்டை விட்டு இறங்கித் தோப்பு வழியாகச் சுற்றிப் போகத் தெரிந்த வண்டிதான் அந்த வாரம் வண்டி. ஃபோர் வீல் என்பது தினமும் பயன்படும் பொருள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். வருஷத்தில் பத்து நாள்கூடத் தேவைப்படாமல் போகலாம். அந்தப் பத்து நாளில் ஒரு நாள் எது என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாகப் படித்தது என்பதெல்லாம் இருக்கட்டும். ஷாஃப்டைக் கழற்றியதற்காக எந்த ஆர்.டி.ஓ.வும் குனிந்து பார்க்கப் போவதில்லை. இயந்திரம் சொல்லும் காரணமே போதுமானது.

கழற்ற வேண்டிய நேரமும் உண்டு, மறுக்கவில்லை. நடுவழியில் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தாளம் போட்டால் கழற்றிவிட்டு வீடு வந்து சேர வேண்டியதுதான். எப்போதும் இழுக்கும் வகை வண்டியை இரண்டு சக்கரம் தூக்கி, இரண்டு சக்கரம் உருள இழுத்துப் போக வேண்டி வந்தாலும், உருளும் பக்கத்து ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். நியூட்ரலில் போட்டால் போதும் என்ற ரெக்கவரி வண்டிக்காரரின் பேச்சை நம்பினால் கியர் பாக்ஸ் வெந்துவிடும். படுக்கை லாரியில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கழற்றும்போது இரண்டு முனையையும் கழற்றுங்கள். ஒரு முனையை மட்டும் அவிழ்த்துக் கம்பியால் சேஸிஸில் கட்டிவிட்டு ஓட்டுவதை இந்த ரோடுகளில் பார்க்க முடிகிறது. கம்பி அறுந்து முனை கீழே விழுந்து தாரில் ஊன்றினால் வண்டியையே தூக்கிப் போடும். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இன்னொரு எச்சரிக்கை: ஹேண்ட் பிரேக் டிரம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தால் ஓட்டி வந்தவர், லீவர் ஃபோர் வீலில் இருக்கும்வரைதான் அந்த பிரேக்கை நம்பலாம். டூ வீலுக்கு மாற்றினால் ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது. கல் வையுங்கள். கழற்றும் முன் சறுக்குப் பல்லுக்கு இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் புதுக் கிராஸ் அடித்து, கோடு சேர மாட்டி, கிரீஸ் வழியும்வரை பம்ப் அடியுங்கள்.

பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கப் போகிறவர் பெயின்ட்டையும் மியூசிக் சிஸ்டத்தையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். லீவர் விழுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் லீவர் விழும். மணல் கண்ட இடத்தில் ஃபோர் வீல் போட்டு, முன் சக்கரம் மண்ணை வாருகிறதா என்று ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஷாஃப்ட் எங்கே என்று கேட்டால், "வீட்ல பத்திரமா இருக்குண்ணே, நாளைக்குத் தம்பிகிட்டக் குடுத்து விடுறேன்" என்று விற்பவர் சொல்வார். சரி என்று சொல்லிவிட்டு, டூ வீல் வண்டிக்கு என்ன விலையோ அதைப் பேசுங்கள்.